கம்ப்யூட்டருக்கு ஒரு எஃப்.சி.

தம்பி, கால இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க, மடில இருக்கறதுல இடிச்சுக்கப் போறீங்க. என்னன்னு பாக்கறீங்களா? கம்ப்யூட்டருங்க. டி.வி. மாதிரி இருக்குமே, அதில்ல, அது வீட்ல இருக்குது. இது பொட்டி. மேல சுத்தியிருக்கறது என்ற சம்சாரத்தோட பழைய சீல. கண்டக்டரு இதப் பின்னால டயருக்கு மேல வைங்கறான். வெப்பனா நானு? இந்த டிரைவரு ஓட்டற லட்சணத்துக்கு அங்க வெச்சா ராசிபுரம் போறதுக்குள்ள உள்ளாற இருக்கற சாமானமெல்லாம் தனித்தனியாக் கழண்டுக்கும். கேக்குதா அந்தச் சத்தம்? சேலத்துல ஏறுனதுல இருந்து கிளச்சுல கால் வெச்சுக்கிட்டே வர்றான். எடுடா சாமி கால, வண்டி தன்னால போகும்.

கழுத்துல அட்டை தொங்குது, கம்பெனில இருப்பீங்களாட்ட இருக்குது. அப்ப உங்களுக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எட்டு வருசமான கம்ப்யூட்டர். கேம் வெளையாடறதுக்குன்னே செஞ்சது. இத உள்ள சாமானம் மாத்தி ஓட்டலாமா, இல்ல தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வாங்கோணுமா? நாலு மாசமா இதே ரோதனையாப் போச்சுங்க. நாமக்கல்லுல ஒருத்தன், ஈரோட்ல ஒரு அம்மிணி, இன்னிக்கு சேலத்துல ஒருத்தன், மூணு பேருகிட்டக் காட்டிட்டேன். என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க? புதுசு வாங்குங்கன்னா? அப்படிச் சொல்லியிருந்தா ஏவாரம் பண்றான்னு உட்டுர்லாம். மூணு பேரும் ஒரே பாட்டு. "இது நல்லாத்தானுங்களே இருக்குது!" நல்லாருந்தா நான் எதுக்குங்க இதக் கைக்கொழந்தையாட்டத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையறேன்?

எம்பேரு செங்கோட்டுவேலுங்க. நாமக்கல்லுதான். இருபத்தியாறு வருசம் லாரி. நாக்பூரு, இந்தூரு, ராய்ப்பூரு, கல்கத்தா, எல்லா லைனும் போயிருக்கறேன். ஒரு ஆக்சிடெண்டு கெடையாது. ரோட்ல ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. மூணு வருசத்துக்கு முந்தி வலது கண்ணுல அழுத்தம் இருக்குது, ஓரமா வர்றது தெரியாதுன்னு டாக்டரு எழுதிட்டாரு. லைசன்சப் புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. எனக்கு நல்லாத் தெரியுதுங்க தம்பி. இப்ப உங்க சட்டைல மூணாவது பட்டன் இல்ல, தெரியுதா இல்லியா எனக்கு? இருக்குதா? சரி, நெழலா இருக்கும்.

வண்டிய வித்துட்டு ஊட்ல உக்காந்தேன். உக்கார முடியுமா? காலு பிரேக்கத் தேடுது. சம்பூரணம், என்ற சம்சாரம், காய் நறுக்கறப்போ, "பாத்து, பாத்து, வெரல உள்ள மடக்கு"ம்பேன். நல்லதுக்குத்தான் சொல்றது. அவ அருவாமணையத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து ஊட்டுக்குப் போயிருவா. அங்க உக்காந்து நறுக்கிட்டு வருவா. பொம்பளைங்களுக்கு நாலு பேச்சுப் பேச சாக்கு வேணுமில்ல.

ஒரே பையன் எனக்கு. நவநீதன். ஓசூர்ல ஒரு கம்பெனில டிசைன் வேலை. கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப அவன் செஞ்சதுதான் இந்தக் கம்ப்யூட்டரு. எல்லாஞ் சாமானத்தையும் தனித்தனியா வாங்கி அவனே பூட்டுனான். படிக்க அனுப்புனா சுடறதும் வெடிக்கறதுமா வெளையாடிட்டு இருந்தான். ஓசூருக்குப் போறப்ப இத உட்டுட்டுப் போயிட்டான். இது ரெண்டு வருசம் கட்டலுக்கடியில கெடந்துச்சு. நான் ஊட்ல உக்காந்ததுக்கப்பறம் ஒரு தீவாளி லீவுக்கு வந்தான். வந்ததும் பொட்டிய வெளிய எடுத்தான், தொடச்சான். பை நெறயா என்னமோ கொண்டாந்திருந்தான். பாத்தா ஸ்டீரிங்! கீழ மூணு பெடலு, கிளச்சு, பிரேக்கு, ஆக்சிலேட்டரு. மேசைல பூட்டி, லாரி ஓட்டற கேம் ஒண்ணு போட்டுட்டு, "உக்காருங்கப்பா"ன்னான்.

எனக்கு ஆத்தரம்னா ஆத்தரம். நெசமான வண்டியப் புடுங்கிட்டு பொம்ம வண்டி குடுக்கறயாடான்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவன் ஸ்டீரிங்ல ஒரு பட்டன அமுக்குனான். எஞ்சின் சத்தம் வந்துச்சு பாருங்க... தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அன்னிக்கு மத்தியானச் சோத்துக்கு நான் எந்திரிக்கல.

வெளிநாட்டு ரோடுங்க. ஜெர்மனியாமா, போலந்தாமா. வண்டி எடப்பக்கம் ஸ்டீரிங்கு, ரோடு வலப்பக்கம். ஒரே வாரத்துல பழகிட்டேன். என்ற வண்டி நெத்தில "ஸ்ரீ அர்த்தநாரீஸ்வரர் துணை"ன்னு தமிழ்லயே எழுதிக் குடுத்தான் நவநீ. போலந்துல பனி பேயுது, அதுக்குள்ள திருச்செங்கோட்டுச் சாமி பேரோட நம்ம வண்டி போகுது. எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அப்பறம் ஞாயித்துக்கெழமையானா சாயங்காலம் நாலு மணில இருந்து ஆறு வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து ஓட்டறது. அவன் ஓசூர்ல இருந்து, நான் இங்கிருந்து. ரெண்டு வண்டியும் ஒரே ரோட்ல முன்னும் பின்னுமாப் போகும். காதுல மாட்டிக்கிட்டுப் பேசிக்கலாம். ஒண்ணரை வருசம் ஒரு வாரம் தப்பல. நாலு மணிக்கு ஆராவது ஊட்டுக்கு வந்தா, லோடு ஏத்தப் போயிட்டாருன்னு சம்பூரணமே சொல்லி அனுப்பிச்சிருவா. அந்த ரெண்டு மணி நேரம் ஊடே அமைதியா இருக்குதுன்னு அவளுக்கும் சந்தோசம்.

என்ன பேசுவமா? ஓட்டறதத்தான். அவன் ஓட்டறது எனக்கு முன்னால தெரியுதில்ல. "டேய், வளைவுக்கு முந்தியே கியரக் கொற, வளைவுல கொறைக்காத. கண்ணாடியப் பாரு. பின்னால வர்றவன உடு. இப்ப எதுக்கு ஸ்டீரிங்க ஒடிக்கற? நேராப் புடி. உனக்கு எத்தன வாட்டிச் சொல்றது?" ரெண்டு மணி நேரமும் உடாமச் சொல்லிக்கிட்டே வருவேன். அவனும் "சரிப்பா, சரிப்பா"ன்னு கேட்டுக்குவான். சின்ன வயசுல கேக்காதத இப்பக் கேட்டான். அவன் ப்ளஸ் ஒன் லீவுல ஒருவாட்டி நாக்பூருக்கு லாரில கூட்டிட்டுப் போனேன், தொழிலக் காட்டலாம்னு. போறப்பப் பூரா வெவரமாச் சொல்லிக் குடுத்துக்கிட்டே போனேன். நாக்பூர்ல எறங்குனவன் வவுத்த வலிக்குதுன்னு ரயிலேறி ஊட்டுக்குப் போயிட்டான். லாரி சூடு எல்லாத்துக்கும் ஒத்துக்காதுங்க.

பாருங்க பாருங்க, எப்படிப் போடறான் பிரேக்க! மல்லூர் நிறுத்தம் வருதுன்னு இவனுக்குத் தெரியாதா? அரை பர்லாங்குக்கு முன்னாலயே கால எடுத்திருந்தா அலுங்காம வந்து நின்னிருக்கும்.

எங்க உட்டேன்? ஆங். சித்திரை மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம, அவன்கூட வேலை பாக்கற பசங்க ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. நாலு வண்டி, வரிசையா, மலை ரோட்ல. நவநீ முன்னால போறான், முழு லோடு. எறக்கத்துல கியரு போடாம சும்மா உருட்டி உட்டான். வளைவுல சாஞ்சு போச்சு, வண்டி, லோடு எல்லாம். எனக்கு எப்படி இருக்கும்? இருபத்தியாறு வருசம் ஓட்டுனவன் பையன்! நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "ஒரு தள்ளுவண்டியக்கூட உன்ன நம்பிக் குடுக்க முடியாது, நீயெல்லாம் என்னத்த டிசைன் பண்ணிக் கிழிக்கற"ன்னேன். அந்தப் பசங்கள்ல ஒருத்தன் சிரிச்சுட்டான். நல்ல பையன், ஓட்டறதும் பரவால்ல. நவநீ ஒண்ணுமே பேசல. தப்பு பண்ணுனா என்ன பேச முடியும்?

அதுக்கடுத்த வாரந்தாங்க இந்தக் கம்ப்யூட்டர் பிரச்சினையே ஆரம்பிச்சுது.

நாலு மணிக்கு ரெடியா உக்காந்திருக்கறேன், போன் பண்றான். "அப்பா, கேம்ல புது மேப், புது ரோடெல்லாம் வந்துருக்குது. உங்க கம்ப்யூட்டர் பழசு, தாங்காது. நீங்க தனியா ஓட்டுங்க"ன்னான். நான் தனியா ஓட்டுனேன், ஓடுச்சு. அதெப்படி தனியா ஓட்டுனா ஓடுது, உங்கூடச் சேந்தா ஓடாதான்னு கேட்டேன். "சேந்து ஓட்டுனா வேல ஜாஸ்திப்பா"ன்னான். நெசந்தான. காலி வண்டி எந்த மேட்டையும் ஏறும், லோடு போட்டாத்தான தெணறும்? நான் நம்புனேன்.

சரி, தாங்காதுன்னா தாங்க வெப்போம். நாங்க நாமக்கல்லுக்காரங்க தம்பி. எங்கூர்ல வண்டி பழசாச்சுன்னு ஆரும் தூக்கிப் போட மாட்டோம். எஞ்சின எறக்குவோம், பாடி புதுசாக் கட்டுவோம், இருபது வருச வண்டி பொண்ணு மாதிரி பட்டறைய உட்டு வெளிய வரும். நாமக்கல்லுல கடைக்காரன்கிட்டக் கொண்டு போனேன். "இது நல்லாத்தானுங்க இருக்குது"ன்னான். இல்ல, ஏதாச்சும் மாத்துன்னு சண்ட புடிச்சு, ராம்ங்கறாங்களே, அந்த மெமரியச் சேத்துப் போட்டேன். நவநீக்குப் போன் பண்ணுனேன். "ராம் மட்டும் போதாதுப்பா, கிராபிக்ஸ் கார்டு பழசு"ன்னான். ஈரோட்டுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த அம்மிணி போட்டுப் பாத்துட்டு, "லாரி கேமுக்கு இந்தக் கார்டே மிச்சம், எதுக்குங்க மாத்தறீங்க"ன்னுச்சு. எம்பையன் இஞ்சினியரு, அவனுக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். பேசாமக் கார்ட மாத்திக் குடுத்துச்சு. நவநீக்குப் போன் பண்ணுனேன். கார்டுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டான். அப்பறம், "மதர்போர்டே பழசுப்பா. அது போனாப் போகுது, உடுங்களேன்"ன்னான்.

உடறதாவது! நாலு மாசம், தம்பி. பதினாறு ஞாயித்துக்கெழம. நாலு மணி ஆனா எனக்குக் கையும் ஓட மாட்டேங்குது, காலும் ஓட மாட்டேங்குது. சம்பூரணம் மறுபடியும் பக்கத்து ஊட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டா.

அதான் இன்னிக்குச் சேலம். அஞ்சு ரோட்டுக்கிட்ட ஒரு கடை. ரியாஸ்னு ஒரு தம்பி, உங்க வயசுதான் இருக்கும். நவநீ சொன்னதெல்லாஞ் சொல்லி மொதல்லயே கேட்டுட்டேன். "தம்பி, எனக்கு ஒரே முடிவாச் சொல்லோணும். சாமானம் மாத்தறதா, புதுசே வாங்கறதா?" அவன் பொட்டியத் தொறந்தான், தொடச்சான், மாட்டுனான். அந்தப் புது மேப்பயே எறக்கிப் போட்டான். போட்டுட்டு பக்கத்துல அவன் கம்ப்யூட்டர்லயும் அதே கேமப் போட்டு, "வாங்கய்யா, ரெண்டு பேரும் சேந்து ஓட்டிப் பாப்போம்"ன்னான். முக்கால் மணி நேரம் ஓட்டுனோம். தெணறல, நிக்கல, ஒரு எடத்துலயும் தட்டல. தண்ணி மாதிரிப் போச்சுங்க.

எனக்கு ஏறுச்சு பாருங்க கோவம்! நோய் இருக்கறவனுக்கு நோயில்லன்னு சொல்ற டாக்டரா நீன்னு கேட்டேன். "வாய்ல சொல்றதெல்லாம் வேண்டாம். வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. காட்டறமில்ல? பிரேக் இன்ஸ்பெக்டரு வண்டியப் பாத்துட்டு, ஓடறதுக்கு லாயக்குன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ரோட்டுக்கு வர முடியும். அந்த மாதிரி நீ எழுதிக் குடு. உன்ற பேரு, கடை சீலு, தேதி எல்லாம் போட்டுக் குடு. நாளைக்கு ஓடலைன்னா உன்ன வந்து புடிக்கறேன்"ன்னேன். கம்ப்யூட்டருக்கு எஃப்.சி. கேட்ட மொத ஆளு நானாத்தான் இருப்பேன். எழுதறதுன்னாப் பயந்துக்குவான், உண்மை வெளிய வந்துரும்னு நெனச்சேன்.

அவன் பயப்படல. கடை லெட்டர்பேடுல நிறுத்தி எழுதுனான். "இந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை. லாரி கேமின் புதிய மேப் உட்பட, இன்னொருவருடன் சேர்ந்து விளையாட இது போதுமானது." கையெழுத்து, சீலு, தேதி. என்ற கைல குடுத்தான்.

வாங்கி ஒருவாட்டிப் படிச்சேன். இன்னொருவாட்டிப் படிச்சேன். செல்ல எடுத்தேன், நவநீக்கு அடிச்சு இதப் படிச்சுக் காட்டோணும்னு. எடுத்து, அவன் பேரு மேல வெரல வெச்சேன் தம்பி. அமுக்கல. அமுக்கோணும்னுதான் வெச்சேன், வெரலு போகல. ஏன்னா இதப் படிச்சுட்டா அப்பறம் அவன் என்ன சொல்லுவான்? அவனால ஒண்ணுஞ் சொல்ல முடியாது. கம்ப்யூட்டருல குறை எதுவும் இல்லைன்னு சீலு போட்டு இருக்குது. அப்ப குறை எங்க இருக்குது?

நான் அப்படியே நிக்கறதப் பாத்துட்டு அந்த ரியாஸ் ஸ்டூல எடுத்துப் போட்டான். டீ சொன்னான். டீயக் குடிச்சு முடிச்சேன். அப்பறம் மெல்லக் கேட்டான். "அய்யா, இப்ப எங்கூட ஓட்டுனீங்கள்ல, முக்கால் மணி நேரமும் எனக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தீங்க. உங்க பையன்கூட ஓட்டறப்ப அவரு என்ன பேசுவாரு?"

இதென்ன கேள்வி, எவ்வளவோ பேசுவான்னு சொல்ல வாயத் தொறந்தேன். ஒண்ணரை வருசம், வாரம் ரெண்டு மணி நேரம், எவ்வளவோ பேசியிருப்பான்ல? நெனச்சுப் பாக்கறேன், நெனச்சுப் பாக்கறேன், "சரிப்பா"வத் தவிர ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. அவன் ஆபீஸ்ல என்ன வேலை பண்றான்? தெரியல. மத்தியானம் எங்க திங்கறான்? கேட்டதில்ல. ஒருவாட்டி, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்"னு ஆரம்பிச்சான். "மொதல்ல அந்த லாரிய ஓவர்டேக் பண்ணு, அப்பறம் சொல்லு"ன்னேன். ஓவர்டேக் பண்ணுனான். அதுக்கப்பறம் சொல்லவேயில்ல. நானும் என்னடான்னு கேக்கல. அது என்னவா இருக்கும்னு சேலத்துல இருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன்.

சரி, அத உடுங்க. இப்ப நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. புதுசுக்குச் சொல்லிட்டேன். ஆமாங்க. முழுசாப் புதுசு. ரியாஸ், "அய்யா, இது தேவையே இல்லீங்க, நான்தான் எழுதியே குடுத்தனே"ங்கறான். அந்தக் காயிதத்த அவன்கிட்டயே குடுத்துக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டேன். இது நல்லா இருக்குதுன்னு ஒரு காயிதம் இருந்தா, எம்பையன் பொய் சொன்னான்னுதான அதுக்கு அர்த்தம்? எம்பையன் பொய் சொல்ல மாட்டான். கம்ப்யூட்டர் பழசு, தாங்காதுன்னு அவன் சொன்னான். தாங்கலைன்னு புதுசு வாங்கிட்டேன். கணக்குச் சரியாப் போச்சா? அவன் சொன்னது நெசமாயிப் போச்சு. அதுக்காகத்தான் இந்தப் பொட்டிய அங்க விக்கக்கூட இல்ல. வித்தா வாங்கறவன் நல்லா ஓடுதேம்பான். பேசாமக் கட்டலுக்கடியிலயே கெடக்கட்டும்.

அதான் ஏறுனதும் உங்களக் கேட்டேன். முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. படிச்சவரு நீங்க ஒருத்தராச்சும், எட்டு வருசம்னா பழசுதாங்க, மாத்தறதுதான் சரின்னு சொல்லிட்டீங்கன்னா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். சொல்ல மாட்டேங்கறீங்க. ஜன்னலயே பாத்துட்டு வர்றீங்க. நானும் உங்களப் பேச உட்டனான்னு தெரியல.

இன்னொண்ணு இருக்குதுங்க. புதுசோட சேத்துக் காதுல மாட்டறதும் குடுக்கறேன்னான் ரியாஸ், வாய்க்கிட்ட மைக்கு வளைஞ்சு வருமே, அது. மைக் இல்லாதது குடுன்னேன். "அப்ப உங்க பையன் பேசறது உங்களுக்குக் கேக்கும், நீங்க பேசறது அவருக்குக் கேக்காதுங்களே"ன்னான். தெரியும், அதத்தான் கேக்கறேன்னேன். எனக்கே எம்மேல நம்பிக்கை இல்லீங்க. மைக் இருந்தா வாய் சும்மா இருக்காது, மொத வளைவுலயே ஆரம்பிச்சிருவேன். அது இல்லைன்னா நான் பாட்டுக்கு இங்க உக்காந்து கத்திக்கிட்டுக் கெடக்கறேன், அவன் பாட்டுக்கு அவன் ஓட்டட்டும். சாய்ச்சாலும் சாய்ச்சுட்டுப் போறான்.

சனிக்கெழம வந்து எடுத்துக்கச் சொல்லியிருக்கறான். ஞாயித்துக்கெழம காலைல நவநீக்குப் போன் பண்ணோணும். புதுசு வாங்கிட்டேன்னு சொன்னா, இன்னொரு சாக்குத் தேடுவான். அதனால மொதல்ல மைக் இல்லைங்கறதத்தான் சொல்லோணும்.